டிரம்மில் இறங்காத தண்ணீர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. கால்நடை ஆய்வாளராக வேலையில் சேர்ந்து, கால்நடை ஆய்வாளராகவே ஓய்வு பெற்றவன். ஆனால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்துவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்தில் நாம் எல்லோரும் டாக்டர் ஸார்தான். புதிதில் இரண்டு மூன்று பேரிடம் "நான் டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிப் பார்ப்பீர்கள். "சும்மா இருங்க ஸார்" என்பார்கள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிடுவீர்கள். அதற்கும் அப்புறம், யாராவது டாக்டர் என்று கூப்பிடாவிட்டால் முகம் லேசாகச் சுருங்கும். எனக்குச் சுருங்கியது. சொல்லப்போகிற விஷயம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர்கள், "நல்ல அனுபவமா நாலு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்கள். நல்ல அனுபவங்களைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. தடுப்பூசியை எந்த வயதில் போடுவது, கொட்டகையை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்பதெல்லாம் உங்கள் பயிற்சி நோட்டிலேயே இருக்கும். நான் கெட்ட அனுபவம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எப்போதும்வென்றான் பக்கம் ஒரு சின்ன ஊரில் சண்முகத்தாய் என்று ஓர் அம்மா. தீப்பெட்டி ஆபீசில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். நம் பக்கம் தொழிற்சாலை என்று யார் சொல்கிறார்கள், ஆபீஸ்தான். விடியுமுன் ஊர் முக்கில் வேன் வந்து நிற்கும். பொம்பளைகள் தூக்குச்சட்டியோடு ஏறினால், வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அந்த வேனில் இனிமேல் ஏறுவதில்லை என்று ஒருநாள் அவர் முடிவெடுத்தார். நூற்றிருபது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி, வீட்டுப் பின்னறையில் விட்டு, நாலு மாதம் பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தார். ஆரம்பத்தில் தடுப்பூசி போட்டுக் கொடுத்தது நான்தான். கோவில்பட்டியில் ஒரு ஓட்டல்காரர் நாட்டுமுட்டை எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

முட்டையிடப் போகிற இளம் பெட்டைகளை வெடைக்கோழி என்போம். அந்த வயதில்தான் அவற்றைப் பெரிய கொட்டகைக்கு மாற்ற வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து மனையில், கரிசல் மண் வெடித்துத் தரையைப் பிளந்துவிடாதபடி சரள் கொட்டி மேடாக்கி, மேலே சிமெண்டு பூசி, கம்பிவலை அடித்து நல்ல கொட்டகையாகவே கட்டியிருந்தார். இடம் பார்த்ததிலிருந்து ஆணி அடித்தது வரை எல்லாம் என் யோசனை. தண்ணீருக்கு நிப்பிள் குழாய் மாட்டச் சொன்னேன். கூரையிலிருந்து ஒரு நீளக் குழாய் தொங்கும். அதன் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன முனைகள் இருக்கும். கோழி நிமிர்ந்து அலகால் தட்டினால் ஒரு சொட்டு விழும். தட்டில் ஊற்றி வைத்தால் கோழி மிதிக்கும், எச்சமிடும், பாதித் தண்ணீர் வீணாகும். நிப்பிளில் அந்தத் தொல்லை இல்லை. வெளியே ஒரு நூறு லிட்டர் நீல டிரம்மை மேடையில் வைத்து அதிலிருந்து குழாய் இழுத்தோம்.

"பழைய சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது" என்றேன். பழைய தட்டிலும் சட்டியிலும் நோய்க்கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்பது பாடம். பாடம் தப்பில்லை.

சண்முகத்தாய் கையில் ஒரு மண்சட்டி இருந்தது. அகலமான, விளிம்பு உடைந்த சட்டி. குஞ்சாக இருந்த நாளிலிருந்து அந்தக் கோழிகள் தண்ணீர் குடித்தது அதிலும் அதன் ஜோடிச் சட்டியிலும்தான்.

"இது ஒண்ணை மட்டும் உள்ள வச்சுக்கிடுதேன் ஸார். புது வீடு போகும்போது நாம நிறைகுடத்தோடதான போறோம்? அதுகளும் புது வீடுல்லா போகுது. பழகுன சட்டில நிறையத் தண்ணியோட போவட்டும்."

"கோழிக்கும் கிரகப்பிரவேசமா? அப்போ ஐயரையும் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். சண்முகத்தாயும் சிரித்தார். சட்டி வேலியோரம் கவிழ்ந்தது. வந்த சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெயிலுக்கு முன்னால் கோழிகளை மாற்றி முடித்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை, இறகுகூட உதிரவில்லை. பங்குனி மாதம். நான் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த வழியாகப் போகிற வேலை இருந்தது, எட்டிப் பார்த்தேன். சண்முகத்தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டு டிரம் பக்கம் கூட்டிப்போனார்.

"இங்கன வந்து பாருங்க ஸார். நேத்து ரொப்புனது. ரெண்டு விரக்கடைகூட எறங்கல! சட்டில ஊத்தும்போது ஒரு நாளைக்கு மூணு குடம் போவும்."

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "பாத்தீங்களா, இதுக்குத்தான் நிப்பிள் போடச் சொன்னது" என்றேன்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை. வாசலில் இரண்டு பொம்பளைகள் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதற்கு முன்னால் "தண்ணி வந்துச்சா" என்று கேட்பார்கள். நிறைந்த பாத்திரத்தைப் பார்த்தால் மனசு குளிருகிற ஊர் இது. குறைந்திருந்தால்தான் எங்கே போச்சு என்று தேடுவோம். குறையாமல் இருக்கிற தண்ணீரைச் சந்தேகப்பட நமக்குத் தெரியாது. வேறு ஊர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் அப்போதே கேட்டிருப்பான்.

கொட்டகைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். கோழிகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. பத்துப் பதினைந்து மட்டும் குழாயின் கீழே அலைந்துகொண்டிருந்தன.

"புதுப்பொண்ணு கணக்கா எம்புட்டுப் பதவிசா இருக்குதுன்னு பாருங்க" என்றார் சண்முகத்தாய்.

நானும் பார்த்து ரசித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேரும்போது நாலு கோழி செத்துக் கிடந்தது. இருபது முப்பது இறக்கையைத் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து, கண் சொருகிப் படுத்திருந்தன. வலைக்கு வெளியே பாதி ஊர் நின்றது. எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, கோழி வியாபாரி ஒருவர் கூடைகள் கட்டிய வண்டியோடு எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

"வெள்ளக்கழிச்சல்தான் அண்ணாச்சி, சந்தேகமே இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள உசுரோட உள்ளதைத் தூக்கிருவோம். கெடைச்ச வெலைக்குக் குடுத்தாத்தான் உண்டு. விடிஞ்சா குழி வெட்டத்தான் ஆகும்."

சண்முகத்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலையில வேன்காரன் நம்ம வீட்டுக்கிட்ட வந்து வேணும்னே ஹாரன் அடிச்சுட்டுப் போறான் ஸார். எடம் இன்னும் காலியாத்தான் கெடக்காம். சொல்லுங்க, குடுத்துரட்டுமா?"

வெள்ளைக்கழிச்சல் கோழிகளைக் கொத்தாகக் கொல்லும் தொற்றுநோய். அதுதான் என்றால், தடுப்பூசி போட்டவன் நான். ஊசி மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுவந்தேனா, எல்லாக் கோழிக்கும் போட்டேனா என்ற கேள்வி முதலில் என்னிடம்தான் வரும். ஆனாலும் வியாபாரியிடம், "இந்தக் கோழி ஒண்ணுகூட ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். நோயாக இருந்தால் இன்னும் பத்து ஊருக்குப் பரவும். அந்த ஒன்றுதான் அன்று நான் செய்த ஒழுங்கான காரியம். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தேன். இரைப்பை காய்ந்த மண்ணாங்கட்டியாக இறுகிக் கிடந்தது. கைக்குத் தெரிந்தது மண்டைக்குத் தெரியவில்லை. நான் வெள்ளைக்கழிச்சலின் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அது இல்லை. எங்கள் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மாவுக்குப் போன் செய்யலாம் என்று எழுந்து, கை கழுவத் தண்ணீர் கேட்டேன். சண்முகத்தாய் செம்பில் கொண்டுவந்து ஊற்றினார்.

கை கழுவிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, கம்பிவலைக்கு அடியில் போய்த் தேங்கியது. உள்ளே செத்ததாகவே நான் கணக்கில் சேர்த்துவிட்ட ஒரு கோழி, கழுத்தை நீட்டி அந்த ஈரத்தில் அலகை வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று இழுத்துக்கொண்டே வந்தது. பிறகு ஏழெட்டு. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஈரச் சிமெண்டைக் கொத்தின.

நான் டிரம்மைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் பார்த்தபடியே நிறைந்து நின்றது. உள்ளே போய் ஒரு நிப்பிளை விரலால் தட்டினேன். கச்சிதமாக ஒரு சொட்டு விழுந்தது. குழாயில் ஒரு குறையும் இல்லை. சட்டியில் குனிந்து குடித்தே வளர்ந்த கோழிக்கு, தண்ணீர் தலைக்கு மேலே இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? தற்செயலாக அலகு பட்டுக் கற்றுக்கொண்ட பத்துப் பதினைந்து மட்டும் நடமாடிக்கொண்டிருந்தன. மற்றவை தண்ணீருக்குக் கீழேயே உட்கார்ந்து ஒன்றரை நாளாகத் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தன.

"காய்ச்சல் தாகம் போல, என்ன ஸார்?" என்றார் சண்முகத்தாய்.

வலைக்கு வெளியே பாதி ஊர். வேலியோரம் கவிழ்ந்து கிடக்கிற சட்டி. முந்தின நாள் சிரித்த அதே நாலு பேர்.

"ஆமா" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் பொய் சொல்லவே தேவைப்படவில்லை, எல்லாம் தானாக நடந்தது. பையில் உப்புச்சத்துப் பொடி இருந்தது, ஆரஞ்சு நிறம். வெயிலில் வாடிய கோழிக்குத் தெம்பு தருவது, மற்றபடி மருந்து ஒன்றும் இல்லை. வீட்டில் உள்ள சட்டி, தட்டு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, பொடியைக் கலக்கி, ஒரேயடியாகக் குடித்துவிடாதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசி எழுந்து நின்றுவிட்டன. இன்னும் இரண்டுதான் செத்தன. மருந்துக்காக ஒரு வாரம் சட்டி உள்ளேயே இருக்கட்டும் என்றேன். அந்த ஒரு வாரத்தில் தினமும் போய், அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பவன்போல நிப்பிள்களைத் தட்டித் தட்டிச் சொட்ட விட்டேன். கோழிகள் பார்த்துக் கற்றுக்கொண்டன. பிறகு சட்டியை எடுக்கச் சொன்னேன். அதோடு என் தப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

பெயர் வந்ததோ பெயர்! செத்த கோழியை எழுப்பின டாக்டர் என்றார்கள். முதல் முட்டைகளில் பத்தை ஒரு தூக்குச்சட்டியில் உமி போட்டு அடுக்கி எனக்குக் கொடுத்தார் சண்முகத்தாய். வாங்கிக்கொண்டேன். முட்டை நன்றாகத்தான் இருந்தது.

சரி, ஒரு தப்பு நடந்தது, சரிசெய்தும் ஆயிற்று, கோழியும் பிழைத்தது, இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நாற்பது நாள்.

சண்முகத்தாயின் தங்கை மாரியம்மாளை விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற இடத்தில் கூலி வேலை. மூட்டத்தைப் பிரிக்கும்போது புகையும் கரித்தூளும் நெஞ்சுக்குள் போகும். அக்காவைப் பார்த்து அவரும் எண்பது குஞ்சு வாங்கி வளர்த்திருந்தார். அந்தப் பக்கம் என் எல்லை இல்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. அக்கா கொட்டகையைப் பார்த்து அதே அளவில் கொட்டகை, அதே நிப்பிள், அதே நீல டிரம். "டாக்டர் ஸார் பழசு எதுவும் உள்ள ஆகாதுன்னாவ" என்று அக்கா சொன்னதால் பழைய தட்டுகளைக்கூடத் தூர எறிந்திருந்தார்.

கடம்பூரில் ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தபோது சண்முகத்தாயின் போன் வந்தது.

"ஸார், தங்கச்சி வீட்டுக்கு வந்துருக்கேன். கோழியைப் புது செட்டுக்கு மாத்தி ரெண்டு நாளாச்சு, அங்கன வந்த அதே காய்ச்சல் இங்கயும் வந்துட்டு. நேத்தே நம்ம பொடியை வாங்கிக் கலக்கச் சொல்லிட்டேன். பொடி கேக்க மாட்டேங்கி ஸார். வரிசையா விழுது."

"பொடியை எதுல கலந்தீங்க?"

"டேங்க்லதான் ஸார். சட்டில ஊத்துனா பலம் உள்ளது மட்டும்தான் குடிக்கும், டேங்க்ல போட்டா எல்லாத்துக்கும் சமமாப் போவும்லா?"

அவர் கணக்கில் ஒரு குறையும் இல்லை. மருந்துதான் காப்பாற்றியது என்று நம்பினால், யாரும் அப்படித்தான் செய்வார்கள். சொல்லப்போனால் என்னைவிட நன்றாக யோசித்திருக்கிறார்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. தட்டு, தாம்பாளம், மண்சட்டி எது இருந்தாலும் அதுல பச்சத் தண்ணியை ஊத்தி உள்ள வைங்க. கொஞ்சங்கொஞ்சமா. இப்பவே."

"பொடி போட வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏன் ஸார்?" என்றார்.

"நேர்ல வந்து சொல்லுதேன்."

கடம்பூரிலிருந்து அந்த ஊருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழி நெடுக மண்டைக்குள் காரணங்களைத் தயாரித்துக்கொண்டே போனேன். பொடி காலாவதியாகியிருக்கும் என்று சொல்லலாம். அந்த ஊர்த் தண்ணீர் உப்பு, மருந்து முறிந்துவிட்டது என்று சொல்லலாம். நிப்பிள் சரக்கு மட்டம் என்று கடைக்காரன் தலையில் போடலாம். எல்லாமே நம்புகிற மாதிரிதான் இருந்தன. உங்களுக்கும் ஒருநாள் வரும்போது பாருங்கள், காரணங்கள் எவ்வளவு வேகமாக வந்து வரிசையில் நிற்கின்றன என்று.

நான் போனபோது டிரம் ஆரஞ்சு நிறத்தில் நிறைந்து நின்றது. கொட்டகைக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து, செத்த கோழிகளை அடுக்கியிருந்தார்கள். நாற்பத்தேழு. பிழைத்தது முப்பத்து மூன்று. மாரியம்மாள் கொட்டகைக்குள் குத்துக்காலிட்டு, சோறு வடிக்கிற தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சண்முகத்தாய் எழுந்து வந்தார். போனை வைத்ததிலிருந்து அவர் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வெறுந் தண்ணியக் குடிச்சே எந்திரிச்சு நிக்கி ஸார்."

"ஆமா."

"அப்போ காய்ச்சல் இல்ல."

"இல்லம்மா."

"அன்னைக்கு நம்ம வீட்டுலயும் இதுதானா?"

வழியில் தயாரித்த காரணங்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. மாரியம்மாளின் கை தட்டின் மேல் அப்படியே நின்றதைப் பார்த்தேன்.

"ஆமா. அன்னைக்கும் தாகம்தான். கோழிக்கு அந்தக் குழாய்ல குடிக்கத் தெரியல. நீங்க சட்டியை உள்ள வைக்கட்டுமான்னு கேட்டீங்க, நான்தான் கேலி பண்ணித் தடுத்தேன். நீங்க கை கழுவத் தண்ணி ஊத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊருக்கு முன்னால சொல்ல வெக்கப்பட்டு மறைச்சுட்டேன்."

சண்முகத்தாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. தங்கையையும் சாக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லிருந்தா என்ன ஸார் செஞ்சிருப்பேன்? ரெண்டு ஏச்சு ஏசிருப்பேன். ஏசிப்போட்டுக் காப்பியும் குடுத்திருப்பேன். அம்புட்டுத்தான? அதுக்கா பயந்தீங்க?"

வெளியே வந்து எங்கள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். என் மகள் வயது அவருக்கு, என் மேலதிகாரி. நான் வார்த்தைக்கு வார்த்தை "மன்னிச்சுருங்க மேடம்" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் இடைமறித்தார். "அதை அப்புறம் வச்சுக்கலாம். வேற எந்தெந்த ஊர்ல நிப்பிள் போடச் சொல்லியிருக்கீங்க? எங்கெல்லாம் கோழி மாத்தப் போறாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல." மூன்று இடங்கள் இருந்தன. பொழுது அடைவதற்குள் மூன்றுக்கும் நேரில் போனேன். "புதுக் குழாய் பழகும்வரை பழைய சட்டியை நல்லாக் கழுவி உள்ளயே வைங்க. டிரம்ல தண்ணி எறங்குதா, எவ்வளவு எறங்குதுன்னு தினமும் பாருங்க. எறங்கலன்னா சந்தோஷப்படாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று ஒருவர் கேட்டார். எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். முதல் இடத்தில் நாக்கு குழறியது. மூன்றாவது இடத்தில் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

தப்பாக யோசனை சொல்வது நம் வேலையில் தவிர்க்க முடியாதது. கோழி பேசாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நீங்களும் சொல்வீர்கள். சண்முகத்தாய் வீட்டில் என் தப்பால் செத்தது ஆறு. மாரியம்மாள் வீட்டில் நாற்பத்தேழு. அந்த நாற்பத்தேழும் நிப்பிளால் சாகவில்லை. அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். வேறு உபதேசம் என்னிடம் இல்லை.

மாரியம்மாள் மிச்சக் கோழிகளை விற்றுவிட்டுக் கரிமூட்டத்துக்கே திரும்பிப் போனார். அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. குஞ்சு வாங்கித் தருகிறேன் என்று சண்முகத்தாய் மூலம் சொல்லி அனுப்பினேன். "அவிய குஞ்சு எனக்கு எதுக்கு" என்று பதில் வந்தது. அந்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், நாலு பேர் பேசினார்கள், செத்த கோழியை எழுப்பின கதையை ஒருவர் எடுத்துவிட்டார். எழுந்து மைக்கை வாங்கி, மீதிக் கதையையும் சொன்னேன். மண்டபம் கொஞ்சம் சங்கடப்பட்டது. அப்புறம் சாப்பாடு போட்டார்கள்.

போன மாதம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "மாரியம்மா பேசுதேன். மறுபடி நாப்பது குஞ்சு வளத்திருக்கேன். நாளைக்குக் காலையில செட்டு மாத்துதேன். வந்துட்டுப் போங்க." வைத்துவிட்டார்.

பஸ் பிடித்துப் போனேன். கொட்டகை வாசலில் சண்முகத்தாய் இருந்தார், அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மாரியம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எனக்கு நேரே வந்து நின்றார்.

"படிக்காதவ நான் தப்புச் செஞ்சா அது புத்தி இல்லாம. படிச்ச நீரு தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்தீரே, அதுக்கு என்னய்யா பேரு? நாப்பத்தேழு உசுரு! ஒவ்வொண்ணையும் இந்தக் கையால தூக்கிக் குழியில போட்டேன். ஒரு வருசம் கரி அள்ளுனேன், இன்னைக்கும் இருமுனா கருப்பாத்தான் வருது. ஒத்த வார்த்த. ஒத்த வார்த்த உம்ம வாயில இருந்து வந்திருந்தா நான் எதுக்கு மூட்டத்துக்குப் போறேன்? ஊருக்குள்ள பெருமையா மாலையும் முட்டையும் வாங்குனீரே, தொண்டையில எறங்குச்சா அந்த முட்டை?"

இன்னும் பேசினார். சில வார்த்தைகளை உங்கள் முன்னால் சொல்ல முடியாது. சண்முகத்தாய் ஒருமுறை "ஏட்டி, போதும்" என்றார். "நீ சும்மா கெட" என்று அவருக்கும் ஒன்று கிடைத்தது. நான் தலையைக் குனியாமல் நின்று கேட்டேன். கேட்கத்தான் போயிருந்தேன்.

மூச்சு வாங்க நிறுத்தினார். காப்பி எதுவும் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலியோரம் கையைக் காட்டினார். அங்கே ஒரு மண்சட்டி, அகலமானது, விளிம்பு உடைந்தது, நிறையத் தண்ணீரோடு இருந்தது. அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். இந்தக் குஞ்சுகளும் அதில் குடித்துத்தான் வளர்ந்திருக்கின்றன.

"சும்மா நின்னா ஆச்சா? அதைத் தூக்கி உள்ள வைங்க. அப்புறந்தான் கோழியை எறக்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் தூக்கினேன். நல்ல கனம். சிந்தாமல் கொண்டுபோய்க் கொட்டகைக்கு நடுவில் வைத்தேன்.